உடல் இயக்கம்: பூஜ்யம்

இடுப்பு வலி காலை பத்து மணிக்கெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தப்பு நாற்காலியுடையது. ஒன்பது மணிக்கு நான் உட்காரும்போது சரியான உயரத்தில்தான் இருக்கும். பிறகு மூச்சு விடுவதுபோல மெல்ல மெல்ல இறங்கும். பதினொன்றரைக்கு என் தாடை மேசை விளிம்பில் இருக்கும். எழுந்து, பக்கத்துப் பிடியைத் தூக்கி மறுபடி ஏற்ற வேண்டும். புது நாற்காலி கேட்டு எழுதிப் பதினான்கு மாதம் ஆகிறது. பதில் வராமல் இல்லை. பழைய நாற்காலியின் சொத்து எண்ணைக் குறிப்பிடவும் என்று வந்தது. அந்த எண் நாற்காலிக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. குனிந்து பார்க்க இடுப்பு விட்டால்தானே.

மாணவர் ஆலோசகர் என்று கதவில் எழுதியிருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. யாராவது படி ஏறினால் என் தலைக்கு மேல் நடப்பார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர் படிக்கும் கல்லூரியில் நாற்பத்தேழு பேர் என் பொறுப்பு. எந்தப் பாடம் எடுக்கலாம், எது எந்தக் கணக்கில் சேரும், எப்போது பட்டம் வரும் என்று சொல்வது என் வேலை. இங்கே ஒருவர் தத்துவமும் படிக்கலாம், கூடவே மண்ணியலும் ஓவியமும் படிக்கலாம். எல்லாம் படித்த முழு மனிதரை உருவாக்குகிறோம் என்று கல்லூரியின் கையேட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. மீதி இருநூற்றுப் பதினான்கு பக்கங்களில் அந்த முழு மனிதர் எங்கெங்கே மாட்டிக்கொள்வார் என்று இருக்கிறது.

அன்று நாலாம் தேதி. பட்டம் வாங்கப்போகிறவர்களின் கணக்கைச் சரிபார்க்கும் வாரம். கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். முடித்த பாடமும் இப்போது படிக்கிற பாடமும் பச்சைக் கட்டம், எடுக்காதது சிவப்புக் கட்டம். காலையிலிருந்து நாலாவது தடவையாகத் தன் முக்கியப் பாடத்தை மாற்ற வந்த ஒரு புண்ணியவானை அனுப்பிவிட்டு, அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். மேலிருந்து கீழே வரை பச்சை. கடைசி வரியில் மட்டும் சிவப்பு.

உடல் இயக்கம்: பூஜ்யம். தேவை: ஒன்று.

அக்கா என்பது அவளுக்குக் கல்லூரி வைத்த பெயர். முப்பத்திரண்டு வயதில் முதலாண்டில் வந்து சேர்ந்தாள். சுற்றிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். முதல் வாரமே அக்கா ஆகிவிட்டாள். பேராசிரியர்கள் அக்கா என்றார்கள். அவளைவிடப் பதினாறு வயது மூத்தவளான நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. விடிகாலை ஐந்திலிருந்து பதினொன்று வரை ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்குவாள், பிழிவாள், தள்ளுவாள். பன்னிரண்டு மணிக்கு வகுப்பில் முதல் வரிசையில் இருப்பாள். கையெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும்.

அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. இத்தனை வருடம் எப்படி விட்டாள் என்று. பிறகு அவளுடைய கோப்பை எடுத்தேன். உள்ளே, கிளிப்பில், மடித்த கடிதம் ஒன்று. சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்தது. 'இவர் தினமும் ஆறு மணி நேரம் கடின உடலுழைப்பு செய்கிறார்.' ஓரத்தில் ஈரம் பட்டுக் காய்ந்த வட்டம். தேதி இரண்டு வருடத்துக்கு முந்தியது.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

இங்கே எல்லா மாணவரும் ஒரு கிரெடிட்டாவது உடல் இயக்கத்தில் எடுக்க வேண்டும். நீச்சல், பந்து, நடை, எதுவாக இருந்தாலும் சரி. இரண்டாம் ஆண்டில் அக்கா வந்து, "மேடம், நானும் பந்து பொறுக்கி ஆடணுமா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "உனக்கு எதுக்கு அதெல்லாம்? விலக்கு வாங்கிடலாம். ஒரு கடிதம் மட்டும் கொண்டு வா" என்றேன். மறுநாளே கொண்டு வந்தாள். நான் கம்ப்யூட்டரில் குறிப்புப் பகுதியில் 'விலக்கு, பேசியாயிற்று' என்று அடித்துவிட்டு, அவளை அனுப்பிவிட்டேன்.

குறிப்புப் பகுதியை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. விலக்குக்குத் தனி ஃபார்ம் இருக்கிறது. அதை நான் அனுப்பவே இல்லை.

மூன்று மணிக்கு அக்கா வந்தாள். கதவைத் தள்ளும்போதே, "என்ன மேடம், முகம் பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு?" என்றாள்.

"உட்காரு."

"உட்காரச் சொன்னாலே பயமா இருக்கு. எங்க இடத்துல யாரும் உட்காரச் சொல்ல மாட்டாங்க."

சொன்னேன். கடிதத்தையும் காட்டினேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். சுற்றி வளைத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் கடிதத்தை வாங்கி, தான் எழுதாத பரீட்சைத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"மேடம், முப்பதாம் தேதி."

"தெரியும்."

"மேற்பார்வையாளர் அம்மா இந்த மாசத்தோட போறாங்க. அந்த இடத்துக்கு எழுதிப் போட முப்பதுதான் கடைசி. பட்டம் முடிச்ச தாள் கூட வைக்கணும். வைக்கலன்னா மீதித் தாளைப் பார்க்கவே மாட்டாங்க."

"தெரியும் அக்கா."

"அவங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கு, தெரியுமா? மொத்தச் சலவைப் பிரிவுலயும் அது ஒண்ணுதான் நாற்காலி. பதினாலு வருஷமா நானும் அதைப் பார்த்துக்கிட்டுதான் டிராலி தள்றேன்." சிரிக்கத்தான் பார்த்தாள். "நாலு வருஷம் எல்லாத்தையும் படிச்சேன். கவிதைக்குக் கூட அர்த்தம் எழுதினேன். இப்ப உடம்பை அசைக்கலன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல. கம்ப்யூட்டர் சொல்லுது."

"கம்ப்யூட்டரைக் காலையில அஞ்சு மணிக்கு வரச் சொல்லுங்க."

பதிவாளர் அறை மேல்மாடியில். கல்லூரியின் எல்லா மதிப்பெண்ணும் பட்டமும் அவர் கையெழுத்தில்தான் நகரும். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நியாயம்தான் மேடம். ஆனா நாலாவது செமஸ்டர் முடியறதுக்குள்ள வந்திருக்கணும்."

"வந்தது சார். என் மேசைக்கு வந்தது. நான்தான் மேல அனுப்பல."

"உங்க மேசை கல்லூரி ஆகாதே."

"எழுதித் தரேன். என் தப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"போட்டா உங்க ஃபைல்ல ஒரு தாள் சேரும். அவங்க கிரெடிட் சேராது." கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தருக்கு இரக்கப்பட்டேன். ஆடிட்ல என்னைப் பத்தி மட்டும் பதினோரு பக்கம் எழுதினாங்க. என் பேரை ரெண்டு விதமா எழுதியிருந்தாங்க, ரெண்டும் தப்பு."

"அப்ப என்ன பண்றது?"

அவர் கையேட்டைப் புரட்டி ஒரு வழி சொன்னார். தனிப்பயிற்சி. நாற்பத்தைந்து மணி நேரம். உடற்பயிற்சி ஆசிரியர் ஒப்புக்கொண்டால் நடத்தலாம். மதிப்பெண் தாள் இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்குள் அவர் மேசைக்கு வர வேண்டும்.

உடற்பயிற்சி ஆசிரியரை எல்லோரும் விசில் என்பார்கள். சாப்பிடும்போதும் கழுத்தில் விசில் தொங்கும். போய்ச் சொன்னேன்.

"அவங்க வேலையையே கணக்குல எடுத்துக்கோங்களேன். நாற்பத்தஞ்சு மணி நேரம் ஒன்றரை வாரத்துல முடிஞ்சிடும்" என்றேன்.

"வேலை வேற, பயிற்சி வேற மேடம். பயிற்சின்னா இதயத் துடிப்பு ஏறணும். சும்மா துணி துவைக்கிறதுக்கெல்லாம்..."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு என்கூட வாங்க."

வந்தார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மருத்துவமனையின் பின்பக்கம், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் சலவைப் பிரிவு. உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் அறைந்தது. ஆளுயர இயந்திரம் ஒன்றின் வயிற்றைத் திறந்து, முறுக்கிப் பின்னிக் கிடந்த ஈர விரிப்புகளை அக்காவும் இன்னொரு பெண்ணும் கயிறு இழுப்பதுபோல வெளியே இழுத்து டிராலியில் போட்டார்கள். போட்டதும் அக்கா தனியாகத் தள்ளினாள். டிராலியின் ஒரு சக்கரம் திரும்பாது. ஒவ்வொரு ஏழெட்டு அடிக்கும் இடுப்பால் ஓர் இடி இடித்து அதை நேராக்கினாள். சுவர் ஓரமாக, கம்பிக் கூண்டுக்குள், அந்த நாற்காலியும் இருந்தது. சாதாரணமானதுதான். பிளாஸ்டிக்.

விசில் துடிப்பு பார்க்கும் தன் கருவியை அவள் விரலில் மாட்டிப் பார்த்தார். நூற்று நாற்பத்தெட்டு. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தன் விரலில் மாட்டிப் பார்த்தார். எழுபத்தொன்று. பிறகு டிராலியைத் தள்ளிப் பார்த்தார். அது நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"சார், அது உங்க பசங்க இல்ல. விசிலடிச்சா நகராது" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வெளியே வந்து நிழலில் நின்று, மூச்சு வாங்க, என் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இது பயிற்சிக்கும் மேல் என்று எழுதினார்.

பதிவாளர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"சம்பளம் வாங்கற வேலைக்குக் கிரெடிட் கிடையாது மேடம்."

"சம்பளம் வாங்கினா உடம்பு அசையாதா சார்?"

"அசையும். ஆனா அது வேலை."

என் அப்பா சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கியவர். ஐம்பது வயதுக்கு மேல் அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்தது கிடையாது. உடம்பு அசைத்தது போதாது என்று அவரிடம் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் இருந்திருக்காது. இங்கே கண்ணாடி போட்ட ஒரு நல்ல மனிதர் மெதுவான குரலில் சொல்கிறார்.

ஆக, நடை. வேறு எதுவும் இவ்வளவு சீக்கிரம் ஏற்பாடு செய்ய முடியாது. எட்டாம் தேதியிலிருந்து இருபத்தைந்து வரை பதினெட்டு நாள். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கணக்கில் சேராது என்று இன்னொரு விதி இருந்தது. பதினெட்டு இரண்டரை நாற்பத்தைந்து. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, ஞாயிறு உட்பட. கல்லூரிப் பணியாளர் ஒருவர் கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். விசிலுக்கு மத்தியானம் முழுக்க வகுப்பு.

"நான் இருக்கேன்" என்றேன். வேறு யார் இருப்பார்கள்.

மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் நானூறு மீட்டர். மத்தியானம் இரண்டரைக்கு ஆரம்பித்து ஐந்து வரை. விளையாட்டுக் காலணி கட்டாயம் என்றதால் அக்கா வகுப்புத் தோழி ஒருத்தியின் காலணியை வாங்கி, முனையில் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டாள். காலையில் ஆறு மணி நேரம் டிராலி தள்ளியவளும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும், இளவயசுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

"மேடம், கையை வீசி வீசி நடக்கறது ஒரு மாதிரி இருக்கு" என்றாள் முதல் நாள்.

"ஏன்?"

"கையில ஒண்ணும் இல்ல பாருங்க. எதையோ எங்கேயோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு."

மூன்றாம் நாள், "என் பொண்ணு கேக்கறா, ஏன்மா உனக்கு இம்போசிஷன் குடுத்திருக்காங்கன்னு. மேடம் பண்ணின தப்புக்குன்னு சொன்னேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கே."

"அப்ப அந்த மேடமும் நடக்கறாங்களான்னு கேட்டா. ஆமான்னேன். அப்ப சரின்னுட்டா."

ஐந்தாம் நாளிலிருந்து அவள் கால் லேசாக இழுத்தது. கேட்டால் காலணி பெரிசு என்றாள். நடந்துகொண்டே கடைசிக் கட்டுரையை வாயால் சொல்லிப் பார்ப்பாள். மருத்துவமனையின் அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பற்றியது. எந்தக் குழாய், எந்தக் கால்வாய், எத்தனை லிட்டர் என்று எல்லாம் தலையில் வைத்திருந்தாள். அதற்கு அவளுடைய பேராசிரியர் பிறகு கொடுத்த மதிப்பெண் அந்த வருடத்தின் மிக உயர்ந்தது. பச்சைக் கட்டத்தில் அதெல்லாம் தெரியாது. பச்சை பச்சைதான்.

பத்து நாள் தாண்டியது. இருபத்தேழரை மணி நேரம். பதினெட்டாம் தேதி சாயங்காலம் கூட்டினேன். முடித்துவிடுவோம் என்று நம்பிக்கை வந்தது. அந்தத் தெம்பில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நடந்து நடந்து இடுப்பு இளகியிருக்கிறது என்று நினைத்து, அறைக்குப் போய், நாற்காலிக்கு அடியில் சொத்து எண்ணைப் பார்க்கக் குனிந்தேன்.

எண்ணைப் பார்த்தேன். நிமிர முடியவில்லை.

படியில் இறங்கியவர்கள் என் சத்தம் கேட்டு வந்து தூக்கினார்கள். இரண்டு நாள் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். ஊசி, மாத்திரை, மருத்துவர் சான்றிதழ். என் வீட்டுக்காரர் விடுப்புக் கடிதத்தை எழுதிக் கல்லூரிக்கு அனுப்பினார். அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாம் நாள் சாயங்காலம்தான் தோன்றியது. போன் செய்தேன்.

"வந்து பார்த்தேன் மேடம், நீங்க இல்ல" என்றாள். "விசில் சாரும் பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போட்டிக்குப் போயிட்டாராம். சரின்னு நான் நடந்துட்டேன். ரெண்டு நாளும் நடந்தேன்."

"யாராவது கையெழுத்துப் போட்டாங்களா?"

"மைதானத்துக்குத் தண்ணி விடறாரே, அந்த அண்ணன் போட்டார்."

இருபத்தொன்றாம் தேதி இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு போனேன். நடக்க முடியாததால் ஓரமாக நின்றேன், அவள் நடந்தாள். தாளை வாங்கிப் பார்த்தேன். என் பதிவுகள் எல்லாம் 'இரண்டரை மணி நேரம், நடை' என்று மொட்டையாக இருந்தன. தண்ணீர்க்காரர் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். 'மதியம் 2.31 முதல் 5.02 வரை. 24 சுற்று. தண்ணீர் குடிக்க ஒருமுறை நின்றார். இடது கால் நோகிறது என்றார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.' கீழே முழுப் பெயரும் கையெழுத்தும். இதைவிட நேர்மையான தாள் அந்தக் கல்லூரியில் ஒன்று இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மிச்ச நாட்களும் முடிந்தன. இருபத்தாறாம் தேதி காலை ஒன்பதரைக்கு விசிலின் கையெழுத்தோடு பதிவாளர் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். விரல் பத்தொன்பதாம் தேதியில் நின்றது.

"இவர் யாரு?"

"மைதானத்துல தண்ணி விடறவர். ஒன்பது வருஷமா இங்கதான் இருக்கார்."

"அவர் நம்ம பணியாளர் இல்லையே மேடம். ஒப்பந்தக் கம்பெனி ஆள்."

"சார், அவர் இந்த மைதானத்துலதான் நிக்கறார். உங்க ஜன்னல்ல இருந்து பார்த்தா தெரியும்."

பார்த்தார். தெரிந்தது. ஆள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பளம் நாம கொடுக்கலையே."

"சம்பளம் வாங்கினா அது பயிற்சி இல்லன்னீங்க. சம்பளம் வாங்கலன்னா ஆளே இல்லங்கறீங்க. ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க சார்!"

சத்தம் போட்டுவிட்டேன். வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் பேனாவை எடுத்தேன்.

"அந்த ரெண்டு நாளும் நானே இருந்தேன்னு எழுதறேன். கொடுங்க."

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். என் விடுப்புக் கடிதம். மருத்துவர் சான்றிதழ் இணைத்தது. 'எழுந்து நடமாட இயலாத நிலை' என்று இருந்தது.

"எழுதாதீங்க மேடம்" என்றார். "நான் பார்க்காத மாதிரி இருந்திருப்பேன். இது எங்கிட்ட வந்து பதிவாயிடுச்சு."

நாற்பது மணி நேரம். ஐந்து குறைவு. மீதியை அடுத்த செமஸ்டரில் நடந்துகொள்ளலாம், நாற்பதை அழிக்காமல் வைத்துக்கொள்கிறேன், இது நானே செய்யும் சலுகை என்றார். நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. சொல்லவில்லை.

அக்காவிடம் சலவைப் பிரிவுக்கே போய்ச் சொன்னேன். டிராலியை நிறுத்தாமல் கேட்டாள். சக்கரம் மாட்டியபோது இடுப்பால் ஓர் இடி இடித்தாள். "சரி மேடம்" என்றாள். "அஞ்சு மணி நேரம் குறைச்சலா? நான் நடந்தேனே." அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கல்லூரி முத்திரையோடு, எல்லாப் பாடமும் முடிந்தது, சிறு நடைமுறை பாக்கி என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதை இணைத்து முப்பதாம் தேதிக்கு முன்பே போட்டாள். அவள் சொன்னதுபோலவே மீதித் தாளை யாரும் பார்க்கவில்லை. வேறு யாரோ வந்தார்கள். ஈர விரிப்பைத் தொட்டிராதவர், இசையில் பட்டம் பெற்றவர். எந்தக் கல்லூரி என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் என் அறைக்குப் புது நாற்காலி வந்துவிட்டது. மருத்துவர் சான்றிதழைப் பார்த்துக் கல்லூரியில் பயந்துபோய், நாலே நாளில் அனுப்பிவிட்டார்கள். முதுகுக்கு மெத்தை, கைக்குத் தாங்கி. இறங்குவதே இல்லை.

அடுத்த செமஸ்டரின் முதல் நாள் இரண்டரை மணிக்கு மைதானத்துக்குப் போனேன். அக்கா முன்பே வந்து நின்றாள், அதே இரவல் காலணியில். தண்ணீர்க்காரர் தூரத்திலிருந்து கை ஆட்டினார்.

"வாங்க மேடம். இன்னைக்கும் நாளைக்கும் நடந்தா கல்லூரிக்கு நான் ஒண்ணும் பாக்கி இல்ல."

"இல்ல."

நாலு சுற்று நடந்தோம். ஐந்தாவதில், இடது காலை இழுத்தபடியே, பக்கவாட்டில் என்னைப் பார்த்தாள்.

"புது நாற்காலி வந்துச்சாமே. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"ம்" என்றாள்.

மறுநாள் நாற்பத்தைந்து நிறைந்தது. தாளில் கையெழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டமும் பச்சையானது. அவள் கணக்கு முடிந்தது. என் கணக்கு முடியவில்லை. அக்காவுக்கு நான் ஒரு நாற்காலி கடன்பட்டிருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.